பிழை பொறுக்கும் குண்டு

பக்கத்து வீட்டுப் பெரியவருடைய கராஜில் ரேடியோ கிடையாது. முன்பு இருந்ததாம். தோட்டா நிரப்புகிற இடத்தில் பாட்டு வேண்டாம் என்று எடுத்துவிட்டார். எட்டு வருஷத்துக்கு முன்னால் மொன்டானாவில் உள்ள போஸ்மன் நகரத்துக்கு வேலைக்கு வந்த புதிதில், ஸ்குரூடிரைவர் இரவல் கேட்டு அவர் வீட்டுக்குப் போனேன். "உள்ள வா. ஆனா பேசாத. இன்னும் பதினாலு பாக்கி இருக்கு" என்றார். அவர் பேசியது இங்கிலீஷ்தான், என் காதில் விழுந்த மாதிரி எழுதுகிறேன்.

பேசாமல் நின்று பார்த்தேன். போன வருஷம் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகள் வரிசையாக ஒரு மரத்தட்டில் இருந்தன. சுடும்போது உப்பிப்போன அந்தக் கூடுகளை அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். அடியில் புது பிரைமர் ஏற்றியாகிவிட்டது. இனி மருந்து. (நம்ம ஊரில் இதற்கும் மருந்து என்றுதான் பெயர் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.) ஒரு சின்னத் தராசில் ஒவ்வொரு கூட்டுக்கும் தனித்தனியாக நிறுத்தார். முள் கோட்டைத் தாண்டினால் சிமிட்டா மாதிரி ஒன்றால் ஒரு துணுக்கை எடுப்பார். குறைந்தால் ஒரு துணுக்கைப் போடுவார். காற்று தராசைத் தொடாமலிருக்க கராஜ் கதவை முழுசாக இறக்கிவிட்டிருந்தார். எங்கள் ஊரில் பொன் நிறுக்கும்போது ஃபேனை நிறுத்துகிற ஆசாரி ஞாபகத்துக்கு வந்தார்.

அவர் நிறுத்தது கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு. 7,000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு. வாற்கோதுமை மணியிலிருந்து வந்த அளவு அது. நம்முடைய குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெய்ன் வரும். எல்லாக் கூட்டிலும் மருந்து கொட்டியதும் டார்ச் அடித்துத் தட்டு முழுவதையும் ஒரு முறை பார்த்தார். ஒன்றில் இரண்டு தடவை கொட்டியிருந்தால் துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கலாம். ஒன்றில் கொட்டாமல் விட்டிருந்தால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி நிற்கும், அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் அதுவும் ஆபத்து. அப்புறம்தான் குண்டு. ஒவ்வொன்றும் 250 கிரெய்ன், அதாவது 16 கிராம். சவரன் கணக்கில் சொன்னால் இரண்டு சவரன் எடை. செம்பு உறை போர்த்திய ஈயம்.

கடைசித் தோட்டாவைப் பெட்டியில் வைத்ததும்தான் வாயைத் திறந்தேன். கடையில் பெட்டி பெட்டியாக விற்கிறதே, எதற்கு இந்தப் பாடு? காசு மிச்சம் என்பார், அல்லது பாதுகாப்பு என்பார் என்று நினைத்தேன். "அந்த மிருகத்துக்கு நான் குடுக்க வேண்டிய மரியாதை" என்றார்.

அந்தப் பதில் பல வருஷம் என்னோடு இருந்தது. முதலில் அழகாகத் தோன்றியது, பிறகு எரிச்சலாக இருந்தது. கொல்லப் போகிறவர் கொல்கிற பொருளை இவ்வளவு அக்கறையாகச் செய்வது கருணையா, அல்லது கருணை இருக்க வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்ட வேறு எதுவுமா? இந்தக் கட்டுரையில் கேட்கிற கேள்வி அவ்வளவுதான்.

எதற்குக் கனமான குண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் வேட்டையாடுவது எல்க். நம்ம கடமான் மாதிரி, ஆனால் இன்னும் பெரிசு. நல்ல ஆண் 300 கிலோவைத் தாண்டும். எடை குறைந்த குண்டு வேகமாகப் போகும், ஆனால் தோள் எலும்பில் பட்டால் சிதறி நின்றுவிடக்கூடும். கனமான குண்டு எலும்பை உடைத்துக்கொண்டு நுரையீரல் வரைக்கும் போகும். மிருகம் பக்கவாட்டில் நிற்காமல் கோணலாக நின்றாலும், கை ஒரு விரற்கடை தவறினாலும், போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு எப்படியாவது போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. பெரியவர் இதை, "கொஞ்சம் தப்பினாலும் அது பொறுத்துக்கும்" என்று சொல்வார். பிழை பொறுத்தல் நாம் சாமியிடம் கேட்கிற விஷயம். அதை ஒரு குண்டிடம் கேட்கிறோம். யாருடைய பிழையை, யார் பொறுக்கிறார்கள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

இது பழைய சண்டை. அயர்லாந்தில் பிறந்து ஆப்பிரிக்காவில் தந்தத்துக்காக யானை சுட்ட ஜான் டெய்லர், 1948-இல் வந்த தன் புத்தகத்தில் ஒரு சூத்திரமே போட்டார். குண்டின் எடையை வேகத்தாலும் குறுக்களவாலும் பெருக்கி 7,000-ஆல் வகுக்க வேண்டும். வருகிற எண், அந்தக் குண்டு ஒரு பெரிய மிருகத்தை எவ்வளவு நிலைகுலைய வைக்கும் என்பதற்கு அளவு. 500 கிரெய்ன் குண்டு போடுகிற .458 துப்பாக்கிக்கு ஏறக்குறைய 70 வரும். அதே கணக்கில் 173 கிரெய்ன் போடுகிற 7 மில்லிமீட்டர் மவுசருக்கு வெறும் 16. இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு யானைக்கு முன்னால் போவது தற்கொலை என்று தோன்றும்.

ஆனால் டபிள்யூ. டி. எம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அந்த 16-ஐ வைத்துக்கொண்டுதான் போனார். யானை மண்டையை நெடுக்காக அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்திலிருந்து எதை உடைத்துப் போக வேண்டும் என்று படித்தார். துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்துத் தினமும் பழகினார். அவர் வாழ்நாளில் சுட்ட யானைகள் ஆயிரத்துக்கும் மேல், அதில் பெரும்பகுதி அந்தச் சின்னக் குண்டால். இடம் தெரிந்தால் எடை வேண்டாம் என்பது அவர் கட்சி. அமெரிக்காவிலும் இதே சண்டை உண்டு. கனமான குண்டுதான் என்று எல்மர் கீத் அடித்துப் பேசுவார், ஜாக் ஓ'கானர் .270 போதும் என்பார். இரண்டு பேரும் ஐடஹோவில் வாழ்ந்தவர்கள். பத்திரிகைகளில் எழுதி எழுதியே ஒரு தலைமுறை வேட்டைக்காரர்களை இரண்டு அணியாகப் பிரித்துவிட்டார்கள். விஜய் அஜித் மாதிரி.

தோட்டாவைத் தானே நிரப்புகிற பழக்கத்துக்கு அவநம்பிக்கையும் ஒரு காரணம். 1956-இல் வின்செஸ்டர் கம்பெனி .458-ஐக் கொண்டுவந்தது. 500 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 2,130 அடி வேகத்தில் போகும் என்று சொன்னார்கள். கூடு குட்டை. அந்த வேகத்துக்குத் தேவையான மருந்தை இடித்து அமுக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது. நாள்பட அது கட்டி தட்டியது, சில தோட்டாக்களில் சரியாக எரியவில்லை, சொன்ன வேகம் வரவில்லை. பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பி எருமைக்கு முன்னால் நின்றவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஜாக் லாட் என்ற அமெரிக்கர் 1959-இல் மொசாம்பிக்கில் அப்படி ஒரு காட்டெருமையிடம் அடிபட்டு உயிர் பிழைத்தார். பிறகு இன்னும் நீளமான கூட்டில் தானே ஒரு தோட்டாவை வடிவமைத்தார், 1971-இல். .458 லாட் என்று இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது.

பெரியவருக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். அதில் அவர் எடுத்துக்கொண்டது இது: கடைத் தோட்டா தவறினால் கம்பெனியைத் திட்டலாம், தானே நிரப்பினது தவறினால் திட்ட ஆளே கிடையாது. பொறுப்பைப் பங்கு போடாமல் முழுசாக ஒருத்தனே சுமப்பது. அது நேர்மைதான் என்று எனக்கும் பட்டது. எங்கள் ஆபீஸில் ஒரு தவறு நடந்தால் அது ஏழு டீம்களுக்குள் கரைந்து காணாமல் போய்விடும். அங்கிருந்து வந்து பார்க்கிறவனுக்கு இந்தக் கராஜ் ஒரு கோயில்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நவம்பரில் அது நடந்தது. சாயங்காலம், பனி விழ ஆரம்பித்திருந்தது, பள்ளத்தாக்குக்கு எதிர்ச்சரிவில் ஒரு எல்க். சுட்டார். சுட்ட கணமே தெரிந்துவிட்டது என்றார். மிருகம் முதுகை வளைத்து, நடந்து போய் மரங்களுக்குள் மறைந்தது. ஓடினால்கூடப் பரவாயில்லை, முதுகை வளைத்து நடந்தால் குண்டு வயிற்றில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். சாக ஒரு நாளும் ஆகலாம். இரண்டு நாள் ரத்தச் சுவடு பிடித்துப் போனார், எழுபத்தி ஒரு வயதில். ஒரு ஓடையோடு சுவடு முடிந்துபோயிற்று. வீட்டுக்கு வந்து, அந்த வருஷத்துக்கான தன் வேட்டைச் சீட்டை எடுத்து, மிருகம் கிடைத்தால் எப்படி வெட்டிக் குறிப்பாரோ அப்படியே வெட்டிக் குறித்தார். யாரும் பார்க்கவில்லை. ஆப்பிரிக்காவில் காசு கொடுத்து வேட்டைக்குப் போகிறவர்களுக்கு இப்படி ஒரு வழக்கம் உண்டு. ரத்தம் விழுந்துவிட்டால், மிருகம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முழுப் பணம் கட்ட வேண்டும். இவரிடம் யாரும் பணம் கேட்கவில்லை. "ஒண்ணு என் கணக்குல போயிடுச்சு" என்றார்.

வருஷா வருஷம் எங்கள் வீட்டுக்கு நாலு பொட்டலம் கறி வரும், வெள்ளைத் தாளில் சுற்றி, தேதி எழுதி. அந்த வருஷம் வெறுங்கையோடு வாசலில் வந்து நின்று மன்னிப்புக் கேட்டார். "இதுக்குப் போய் மன்னிப்பா, கறி வரலேன்னா என்ன" என்றாள் என் மனைவி. அவர் கேட்டது கறிக்காக இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

அடுத்த வாரம் கராஜில் அவர் செய்ததைத்தான் நான் சொல்ல வந்தேன். அதே தட்டில் நிரப்பிய மிச்சத் தோட்டாக்களை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் குண்டை உருவி, மருந்தைக் கொட்டித் திரும்ப நிறுத்தார். எல்லாம் சரியாக இருந்தது. குண்டுகளை நிறுத்தார். அதுவும் சரி. ஏதாவது ஒன்றில் ஒரு தவறு இருந்துவிடக்கூடாதா என்று அவர் ஏங்கினது எனக்குத் தெரிந்தது. "தோட்டா நல்லாத்தான் இருக்கு" என்று சொன்ன குரல், டாக்டரிடம் ரிப்போர்ட் வாங்கிய குரல்.

வசந்த காலத்தில் சுடுகளத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். என் வேலை எளிது. அவர் திரும்பி நிற்க, நான் துப்பாக்கியில் சில தடவை தோட்டா போட்டும் சில தடவை போடாமலும் பூட்டிக் கொடுக்க வேண்டும். எது எதென்று அவருக்குத் தெரியாது. மூன்றாவது தடவை காலியாகக் கொடுத்தேன். அவர் விசையை இழுத்தார். 'டிக்' என்று ஒரு சத்தம். வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் நுனி, யாரோ தலையாட்டுகிற மாதிரி, ஒரு விரல் அளவு கீழே குனிந்தது. தோளில் இடிக்கப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே பயந்து செய்கிற வேலை அது. நான்கு தடவை காலியாகக் கொடுத்ததில் நான்கு தடவையும் குனிந்தது. கனமான குண்டு பின்னால் உதைப்பதும் பலம்தான். பிழையைப் பொறுக்கிற குண்டே பிழையை உண்டாக்கிக்கொண்டிருந்தது, எத்தனை வருஷமாகவோ.

திரும்பி வரும்போது காரில், ரொம்ப நேரம் கழித்து, அவரே சொன்னார்: "அது மட்டுமில்ல. சின்னத் துப்பாக்கி கையில இருந்திருந்தா அவ்வளவு தூரத்துல சுட்டிருக்கவே மாட்டேன். பெருசு இருந்துச்சு, சுட்டேன்."

இதை நான் விடாமல் யோசித்துக்கொண்டே இருந்தேன். கராஜில் பத்தில் ஒரு கிரெய்ன் வரைக்கும் போன அக்கறை, மலைச்சரிவில் 'சுடலாமா' என்ற கேள்வியின் முன்னால் அந்த அளவுக்கு நிற்கவில்லை. நிறுக்க முடிந்த இடத்தில் அக்கறை குவிந்துவிட்டது. நிறுக்க முடியாத இடம் காலியாக இருந்தது. தராசு முன்னால் உட்காரும்போது மனசு நிம்மதியாக இருக்கும், ஏனென்றால் அங்கே தவறுக்கு ஒரு எண் உண்டு, திருத்தவும் முடியும். அந்த நிம்மதியை நாம் நல்லவர்களாக இருக்கிறோம் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வது ரொம்ப சுலபம். கனமான குண்டு பொறுத்துக்கொண்டது மனுஷனின் பிழையை. அந்தப் பொறுப்பின் விலையை வயிற்றில் வாங்கிக்கொண்டு ஓடைக்கரையில் படுத்தது எல்க்.

அப்படியானால் பெல் சரியா? அவர் கையில் மிருகம் துடித்தது குறைவு, ஒரே குண்டில் விழுந்தது அதிகம். சுத்தமான கொலைதான் அளவுகோல் என்றால் அவரைத் தாண்டி ஆளில்லை. அங்கேதான் எனக்கு இடிக்கிறது. அவ்வளவு சுத்தமாகச் சுடத் தெரிந்ததால்தான் ஆயிரம் யானை. தந்தம் விற்கிற தொழிலுக்கு அந்த நேர்த்தி பெரிய முதலீடு. ஒவ்வொரு யானைக்கும் அவர் துளி வலி கொடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம், ஆயிரம் என்ற எண்ணைப் பற்றி அந்த நேர்த்தி ஒரு வார்த்தை பேசாது. எப்படிக் கொல்வது என்பதில் எவ்வளவு உயரம் போனாலும், கொல்லத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரு அங்குலம்கூடக் கிட்டே போவதில்லை.

எனக்கு இதைச் சொல்ல என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். நான் வாரம் தவறாமல் சிக்கன் வாங்குகிறவன். அந்தக் கோழி எப்படிச் செத்தது என்று ஒரு நாளும் தராசில் வைத்ததில்லை. தின்கிறவன் இல்லாவிட்டால் விற்கிறவன் இல்லை என்று வள்ளுவர் வாங்குகிறவனையும் கணக்கில் சேர்த்துவிட்டார், புலால் மறுத்தலில். பெரியவர் வருஷத்துக்கு ஒன்றைக் கொல்கிறார், அதன் முகத்தைப் பார்க்கிறார், தவறினால் தூக்கம் கெடுகிறது. எனக்கு எதுவும் கெடுவதில்லை.

எங்கள் குலசாமி கோயிலில் கிடா வெட்டுவார்கள். வெட்டுவதற்கு முன்னால் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்த்து உதறுகிற வரைக்கும் காத்திருப்பார்கள். உதறினால் சம்மதம். பத்து வயதில் அதைப் பார்த்து நெகிழ்ந்திருக்கிறேன். கேட்டுவிட்டுத்தானே செய்கிறார்கள்! ஒரு தடவை கிடா உதறவே இல்லை. மல்லுக்கட்டி நின்றது. எல்லோரும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். சித்தப்பா இன்னொரு சொம்புத் தண்ணீரை முதுகில் சரித்தார். அப்புறமும் நின்றது. இன்னொரு சொம்பு. ஈரம் தாங்காமல் அது உதறிற்று, குலவை சத்தம் கேட்டது.

அந்த மூன்றாவது சொம்பையும் கராஜ் தராசையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் பொய் இல்லை. மெனக்கெட்டுச் செய்கிறவர்கள் உண்மையாகத்தான் செய்கிறார்கள். ஆனால் கேட்கிற கேள்விக்கு 'வேண்டாம்' என்று ஒரு பதில் வர வழியே இல்லையென்றால் அது கேள்வி இல்லை. அக்கறை நிஜமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, அது எப்போதாவது காரியத்தை நிறுத்தியிருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

பெரியவர் விஷயத்தில் நிறுத்தியிருக்கிறது. பெரிய துப்பாக்கியை விற்றுவிட்டார். அவருடைய அப்பா வைத்திருந்த .270-ஐ வெளியே எடுத்தார். ஈயக் குண்டையும் விட்டுவிட்டார், அதற்குக் காரணம் வேறு. ஈயக் குண்டு மிருகத்துக்குள் போகும்போது பொடிப்பொடியாகச் சிதறும். குடலைக் காட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள். கழுகும் காக்கையும் வந்து தின்னும், ஈயம் அதுகளுக்குள் போகும். கலிபோர்னியாவின் காண்டோர் கழுகு 1982-இல் வெறும் 22 உயிர்தான் மிஞ்சியது. பிடித்து வளர்த்துத் திரும்பக் காட்டில் விட்ட பிறகும் அவற்றை அதிகமாகக் கொல்வது ஈயம்தான். 2019 ஜூலையிலிருந்து அந்த மாநிலத்தில் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. மொன்டானாவில் அப்படிச் சட்டம் இல்லை. இவர் ஒரு எக்ஸ்-ரே படம் பார்த்தார், மாறிவிட்டார். தன் வாழ்நாளில் குறி வைக்காத ஒரு பறவைக்காக.

முழுச் செம்புக் குண்டு ஈயத்தைவிட அடர்த்தி குறைவு. அதே எடைக்கு நீளம் கூடும், மருந்துக்கான இடத்தை அடைக்கும். அதனால் எடையைக் குறைத்துத்தான் போட வேண்டும். இப்போது 130 கிரெய்ன். ஒரு சவரனுக்குக் கொஞ்சம் கூட. இருநூறு கஜத்துக்கு மேல் சுடுவதில்லை என்று வைத்துக்கொண்டார். போன வருஷம் மூன்று தடவை எல்க் பார்த்தாராம், மூன்று தடவையும் சுடவில்லை. ஒன்று தூரம், ஒன்று கோணம். மூன்றாவதுக்கு அவர் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பொட்டலம் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கடையில் போய் சிக்கன் வாங்கினேன்.

இந்த வருஷம் என்னைக் கூட வரச் சொல்லியிருக்கிறார். "நீ சுட வேண்டாம், சும்மா வா." இன்னும் பதில் சொல்லவில்லை. "போயிட்டு வாங்களேன், தின்னுறதுக்கு மட்டும் நாம முன்னாடி நிக்கிறோம்ல" என்கிறாள் மனைவி. அவள் சொல்வது நியாயம். நான் போகப் பயப்படுவது ரத்தத்துக்கா, அல்லது போய்ப் பார்த்தபின் ஞாயிற்றுக்கிழமைகள் பழைய மாதிரி இருக்காது என்பதற்கா, தெரியவில்லை.

நேற்று ராத்திரி கூப்பிட்டார். அவருக்கு இப்போது கண் மங்கல், தராசு முள்ளின் கோடு இரண்டாகத் தெரிகிறதாம். கராஜ் கதவை இறக்கிவிட்டு அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மூச்சு தராசில் படாமலிருக்க முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன்.

"கோட்டுல நிக்குதா?"

"ஒரு மயிரிழை கூட."

ஒரு துணுக்கை எடுத்தார்.

"இப்ப?"

முள் ஆடிக்கொண்டிருந்தது. நிற்கட்டும் என்றேன்.